சண்முகராஜா வைத்த கையெழுத்து

சண்முகராஜா போன மாசி மாதம் காலமானார். ஐம்பத்து நான்கு வயது. பூனாகலைக்கு மேலே இருக்கிற ஒரு தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடியில், இருபத்தொன்பது வருடம் வேலை செய்தவர். சாவு வீட்டில் அவரைப் பற்றிப் பேசியவர்கள் எல்லாரும் நல்லதையே சொன்னார்கள். குடிக்க மாட்டார், யாரோடும் சண்டைக்குப் போக மாட்டார், ஒரு நாளும் வேலைக்குப் பிந்த மாட்டார். பொலிஸ் வழக்கு ஒன்று இருந்ததையும், அது முடிவதற்கு முன்னமே அவர் போய்விட்டதையும் மட்டும் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் அதை விட்டுவிட்டு அவரைச் சொல்ல முடியாது.

அந்தத் தோட்டத்தில் காலை ஆறரைக்குப் பெரட்டு. ஆட்களைக் களத்தில் நிறுத்திக் கணக்கப்பிள்ளை பெயர் வாசிப்பார். குரல் கொடுத்தால் அன்றைக்குப் பேர் விழும், கூலி வரும். குரல் இல்லாவிட்டால் பேர் இல்லை. கைக்குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டு ஓடி வருகிற பெண்களுக்கு எப்போதும் நேரம் போதாது. அதனால் வீட்டில் யாராவது ஒருவர் முன்னால் போய் நின்று, “வருதுங்க ஐயா” என்று சொல்லிவிடுவது வழக்கம். நல்ல கணக்கப்பிள்ளையாக இருந்தால் அந்தக் குரலுக்குப் பேர் போட்டுவிடுவார். ஆள் மூச்சிரைக்க வந்து சேர்ந்துகொள்ளும்.

சண்முகராஜா ஏழு வயதில் தன் அம்மாவுக்காக அப்படி நின்றிருக்கிறார். கல்யாணம் முடித்த பிறகு மனைவி விஜயலெட்சுமிக்காக நின்றார். இரவு முழுவதும் மாடியில் கொழுந்தைப் புரட்டிவிட்டு, வீட்டுக்குப் போகாமல் நேரே களத்துக்கு வந்து நிற்பார். “ஏன்டா, ஒன் பொண்டாட்டி மலையில பறிக்கிறத விட நீ இங்க நின்னு பறிக்கிறதுதான் கூட” என்று கணக்கப்பிள்ளை கேலி செய்வார். இவரும் சிரித்துக்கொள்வார். பேர் விழுந்துவிட்டால் போதும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அவர் வாழ்க்கையில் கற்று வைத்திருந்தது. அந்த உலகத்தில் அது ஒரு நாளும் பொய்க்கவில்லை.

மகள் விதுர்ஷா ஒரே பிள்ளை. பண்டாரவளையில் உயிரியல் பிரிவில் படித்து, உயர்தரத்தில் மூன்று பாடத்திலும் சித்தியடைந்தாள். பல்கலைக்கழகத்தின் வெட்டுப்புள்ளியை எட்டப் புள்ளி போதவில்லை. பிறகு இரண்டுக்கு விண்ணப்பம் போட்டாள். ஒன்று தாதியர் பயிற்சி. மற்றது கல்வியியற் கல்லூரி, விஞ்ஞான ஆசிரியர் பயிற்சி. தாதியர் வேலை அம்மாவின் ஆசை. கல்லூரிதான் அவளுடைய ஆசை. அவள் படித்த காலத்தில் ஒன்றரை வருடம் இரசாயனவியலுக்கு ஆசிரியரே இருக்கவில்லை. அந்த ஒன்றரை வருடமும் தானே படித்துத் தன் வகுப்பில் இருந்தவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தவள் அவள். கல்லூரிக்கு அந்தந்த வருடத்துப் பெறுபேற்றை வைத்துத்தான் எடுப்பார்கள். அவளுடைய வருடத்துக்கு இதுதான் கடைசித் தடவை.

தாதியர் நேர்முகப் பரீட்சைக் கடிதம் முதலில் வந்தது. ஒரு புதன்கிழமை காலை எட்டரைக்குக் கொழும்பில். செவ்வாய் இரவு பஸ்ஸில் அவளுக்கு ஒரு இடம் பிடித்து, வத்தளையில் இருக்கிற சித்திக்கும் சொல்லியாகிவிட்டது. திங்கட்கிழமை மாலை தொழிற்சாலைக்கு வந்த லொறிக்காரர் இரண்டாவது கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். கல்லூரியின் நேர்முகப் பரீட்சை. பதுளையில், ஒரு பாடசாலை மண்டபத்தில். அதே புதன்கிழமை, காலை ஒன்பது மணிக்கு.

கடிதம் பதின்மூன்று நாளுக்கு முன்பே அனுப்பப்பட்டிருந்தது. லயத்து வரிசை வீடுகளுக்கென்று தனி விலாசம் கிடையாது. எல்லாக் கடிதமும் தோட்டத்து ஒப்பீசுக்குப் போய்த்தான் கீழே வரும். ஒப்பீசில் கடிதம் பிரிக்கிறவர் லீவில் போயிருந்தார். அவருடைய மேசை லாச்சிக்குள் அது கிடந்திருக்கிறது.

மறுநாள் செவ்வாய், பௌர்ணமிப் போயா விடுமுறை. கோயிலுக்குப் பின்னால் இருக்கிற மேட்டில்தான் போனுக்கு சிக்னல் எடுக்கும். விதுர்ஷா காலையிலிருந்து அந்த மேட்டில் நின்று கடிதத்தில் இருந்த இலக்கத்தை அழுத்திக்கொண்டே இருந்தாள். மணி அடித்தது. ஒருவரும் எடுக்கவில்லை. கொழும்பு இலக்கமும் அப்படித்தான். பத்து மணிக்கு மேல் மழை பிடித்தது. குடையோடு போய் நின்றாள். மத்தியானம் சாப்பிட வரவில்லை. சண்முகராஜா போய்ப் பார்த்தபோது, குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, எடுக்க ஆளில்லாத போனைக் காதில் வைத்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

மாலையில் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினார்கள். பேச்சு என்று சொல்ல முடியாது. விஜயலெட்சுமி சொன்னதையே சொன்னாள். நர்சுக்குப் படிக்கையிலேயே கொடுப்பனவு, வேலை நிச்சயம், பஸ்ஸுக்கும் சொல்லியாகிவிட்டது. விதுர்ஷா இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டிலும் கடைசி வரி ஒன்றுதான். சமூகமளிக்காதவர்கள் விருப்பமற்றவர்களாகக் கருதப்படுவர்.

“நீ கொழும்புக்குப் போ புள்ள,” என்றார் சண்முகராஜா. “பதுளைக்கு நான் போறேன்.”

“நீங்க போயி என்னப்பா செய்வீங்க?”

“வேற நாள் கேப்பேன். மனுசங்கதான இருக்காங்க அங்கயும்.”

அவள் நம்பவில்லை. ஆனால் வேறு வழியும் இருக்கவில்லை. ஒரு கடிதம் எழுதினாள். கொழும்புக் கடிதத்தின் போட்டோக் கொப்பி ஒன்றைச் சேர்த்து உறையில் போட்டாள். பணிப்பாளர் அவர்கட்கு என்று மேலே எழுதி அவரிடம் கொடுத்தாள்.

“இத குடுங்கப்பா. குடுத்துட்டு வேற நாள் தருவாங்களான்னு கேளுங்க. அவ்வளவுதான். வேற ஒன்னும் செய்ய வேணாம்.”

பஸ் ஏறும் இடத்திலும் அதையே மறுபடி சொன்னாள்.

புதன்கிழமை முதல் பஸ்ஸில் போய் ஏழரைக்கெல்லாம் சண்முகராஜா மண்டப வாசலில் நின்றார். பிள்ளைகளும் பெற்றோருமாக ஒரே கூட்டம். வாசல் காவலரிடம் உறையை நீட்டினார். உள்ளே மேசையில் கொடுக்கச் சொன்னார் அவர். மேசையில் இருந்த இளம் எழுதுவினைஞர் உறையைப் பார்க்கவே இல்லை, பெயர் கூப்பிடும்போது வாருங்கள் என்று கையைக் காட்டினார். இரண்டாம் தடவை போனபோதும் அதே பதில்தான். அதனால் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுதுவினைஞர் ஒவ்வொரு பெயராக வாசித்தார். குரல் கொடுத்த பிள்ளை போய்ப் பதிவேட்டில் கையெழுத்து வைத்துவிட்டு உள்ளே போனது. ஒரு பெயருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு, அவர் ஒரு சிவப்புப் பேனையை எடுத்து, அடிமட்டம் வைத்து, அந்தப் பெயரின் மேல் கோடு இழுத்தார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு பெயருக்கும் அப்படியே. அந்தக் கோட்டைச் சண்முகராஜா கழுத்தை நீட்டிப் பார்த்தார். அது யார் பெற்ற பிள்ளையோ, இனி அதற்கு ஒன்றும் இல்லை என்று நினைத்தார்.

மணி பத்து இருபது இருக்கும். “சண்முகராஜா விதுர்ஷா.”

உறையை எடுத்துக்கொண்டு முன்னால் போனார். நெரிசலில் ஒரு தாய் குறுக்கே நின்றாள். இரண்டாம் தடவை கூப்பிட்டார்கள். எழுதுவினைஞர் போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் வைத்து யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டே சிவப்புப் பேனையின் மூடியைக் கழற்றினார்.

“இருக்குங்க ஐயா,” என்றார் சண்முகராஜா.

எழுதுவினைஞர் தலையைத் தூக்காமல் பதிவேட்டை இந்தப் பக்கம் திருப்பி, விரலால் இடத்தைக் காட்டினார். சண்முகராஜா பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தார். சம்பளப் புத்தகத்தில் வைக்கிற அதே கையெழுத்து. கோடு விழாமல் தப்பியது. அதற்குப் பிறகுதான் உறையை நீட்டினார். தட்டில் போடச் சொன்னார்கள். போட்டார். அடுத்த பெயர் வாசிக்கத் தொடங்கிவிட்டது.

வெளியே வந்து கொழும்புக்குப் போன் எடுத்தார். அவள் வரிசையில் நின்றபடி இரகசியமாகப் பேசினாள்.

“கடிதம் குடுத்துட்டேன் புள்ள. ஒன் பேரும் விழுந்துருச்சு.”

இரைச்சலில் அவளுக்குக் கடிதம் கொடுத்தது மட்டும்தான் கேட்டது.

கொழும்பில் முதல் மேசையிலேயே உயரம் அளந்தார்கள். பாடசாலையில் அளந்தபோது தாதியருக்குக் கேட்ட உயரம் சரியாக இருந்தது. அங்கே சுவரில் இருந்த அளவுகோலில் அரை அங்குலம் குறைந்தது. இரண்டு தடவை அளந்து பார்த்துவிட்டு, சான்றிதழ்களைத் திறந்துகூடப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்தவள், அம்மா அழ ஆரம்பித்ததும், “விடுங்கம்மா, பதுளை இருக்குல்ல” என்றாள்.

“இருக்கு,” என்றார் சண்முகராஜா.

அடுத்த புதன்கிழமை விதுர்ஷா மேட்டில் நின்றபோது, கொஸ்லந்தையிலிருந்து நிரோஜா போனில் பேசினாள். இவளோடு ஒரே வகுப்பில் படித்தவள். பதுளை நேர்முகப் பரீட்சை நாளன்று டெங்குக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தவள். அன்றைக்கு வராதவர்களில் காரணம் காட்டிக் கடிதம் கொடுத்தவர்களுக்கு வரும் திங்கட்கிழமை இரண்டாவது நாள் கொடுத்திருக்கிறார்கள், பட்டியல் போட்டாயிற்று, தன் பெயர் இருக்கிறது என்றாள். கொஞ்சம் தயங்கி, “ஒன் பேரத் தேடிப் பாத்தேன்டி, இல்ல” என்றாள்.

விதுர்ஷா அங்கே நின்றபடியே பதுளை இலக்கத்தை அழுத்தினாள். இந்தத் தடவை போனை எடுத்தார்கள். வதனி என்று ஒரு உத்தியோகத்தர், யாழ்ப்பாணத்துப் பேச்சு. இவள் விபரம் சொல்ல, அவர் பதிவேட்டை எடுத்துவரும் வரை காத்திருந்தாள்.

“நீர் அண்டைக்கு வந்திருக்கிறீர் எண்டெல்லோ இங்க கிடக்கு,” என்றார் வதனி. “வந்து கையெழுத்தும் வச்சிருக்கிறீர். சான்றிதழ் காட்டாமல் போனதாலை நிராகரிச்சிருக்கினம்.”

“இல்ல மிஸ். நான் கொழும்புல இருந்தேன்.”

“அப்ப இது ஆரின்ர கையெழுத்து பிள்ளை?”

அவள் மேட்டிலிருந்து இறங்கி வந்தபோது சண்முகராஜா வேலைக்குப் போகச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார்.

“அப்பா, நீங்க அங்க எதுலயாவது கையெழுத்து வச்சீங்களா?”

“வச்சேனே. கூப்புட்டாங்க. கோடு போடப் பாத்தாங்க, நான் போயி…”

அவளுடைய முகத்தைப் பார்த்து அவர் நிறுத்தினார். அவள் சத்தம் போடவில்லை. வராமல் இருந்தால்தான் வேறு நாள் கிடைத்திருக்கும் என்று, சின்னப் பிள்ளைக்குக் கணக்கு விளக்குவது போல ஒவ்வொன்றாகச் சொன்னாள். சிவப்புக் கோடு விழுந்தவர்களுக்குத்தான் திங்கட்கிழமை என்றாள். சொல்லி முடித்துவிட்டு உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

சண்முகராஜா அன்று வேலைக்குப் போகவில்லை. தொழிற்சாலையில் அவர் பெயருக்கு நேரே வெறுமை விழுந்தது, இருபத்தொன்பது வருடத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய நாட்களில் ஒன்று. விஜயலெட்சுமி மலையிலிருந்து வந்து பார்க்கையில் பின்பக்கம் தண்ணீர்ப் பீலியருகே குந்தியிருந்தார். என்னங்க, என்னங்க என்று அவள் கேட்கக் கேட்க, கையை மட்டும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை அப்பாவும் மகளும் வதனியைப் பார்க்கப் பதுளைக்குப் போனார்கள். பஸ் எல்ல ஊரைத் தாண்டியதும் சண்முகராஜா மெதுவாகச் சொன்னார். “யாரு வச்சாங்கன்னு தெரியாதுன்னு சொல்லிரு புள்ள. ஒனக்குத் தெரியாதுதான.”

“இப்பத் தெரியுமே,” என்றாள் அவள்.

வதனி கண்ணாடி போட்ட, களைத்த முகமுள்ள பெண். தட்டில் போட்ட கடிதத்தையும் கண்டுபிடித்து வைத்திருந்தார். அதுதான் பெரிய சிக்கலாகியிருந்தது. வர முடியாது என்று சொல்லும் கடிதமும் இருக்கிறது, வந்ததாகக் கையெழுத்தும் இருக்கிறது. ஆள்மாறாட்டம் என்று மேலிடத்தில் ஒரு பேச்சு ஏற்கனவே எழும்பிவிட்டதாம். கையெழுத்து வைத்தவர் தானாக எழுதிக் கொடுத்தால் ஒழியப் பதிவேட்டைத் திருத்த முடியாது என்றார். “ஆனா அது அரசாங்கப் பதிவேடு. அதையும் யோசியுங்கோ ஐயா.”

சண்முகராஜாவுக்கு எழுதுவது கஷ்டம். நாலாம் வகுப்போடு நின்றவர். அதனால் அவர் சொல்ல, விதுர்ஷா எழுத வேண்டியிருந்தது. நடைக்கூடத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்து, மடியில் புத்தகம் வைத்து எழுதினாள். பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் வரை அவளுடைய கை ஒழுங்காக ஓடியது. மேற்படி பதிவேட்டில் எனது மகளின் பெயருக்கு எதிரே அவளுக்குத் தெரியாமல் கையொப்பமிட்டவன் நானே என்ற வரிக்கு வந்ததும் பேனை நின்றுவிட்டது.

“எழுது,” என்றார் அவர்.

“பொலிசுக்குப் போவும்பா.”

“எழுது புள்ள. நாலு மணிக்கு மூடிருவாங்க.”

எழுதினாள். அவர் கீழே கையெழுத்து வைத்தார். வதனி அந்தத் தாளைப் பதிவேட்டுப் பக்கத்தின் அருகே வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு பணிப்பாளரின் அறைக்குள் அவர்களைக் கூட்டிப்போனார்.

பணிப்பாளர் வயதான மனிதர், தமிழை நிதானமாகப் பேசினார். தாளை முழுவதும் வாசித்தார். பிறகு சண்முகராஜாவின் கைகளைப் பார்த்தார். கொழுந்துச் சாயம் ஏறிய கைகள். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, தாளை மேசைக்கு இந்தப் பக்கமாகத் தள்ளினார்.

“இதை நான் வாங்கினா பொலிசுக்கு அனுப்ப வேணும். வேற வழி எனக்கில்ல. வாங்காட்டி, நீங்க ரெண்டு பேரும் எழும்பி வீட்டுக்குப் போகலாம். நான் ஒன்றும் பார்க்கல்ல.”

நல்ல மனதோடுதான் சொன்னார். விதுர்ஷா உடனே எழுந்துவிட்டாள். அப்பாவின் தோளைத் தொட்டு, “வாங்கப்பா, போவோம்” என்றாள். சண்முகராஜா எழும்பவில்லை.

“வாங்குனா திங்கக்கெழம இவளக் கூப்புடுவீங்களாங்க?”

“கூப்பிடலாம். பதிவேடு திருத்தினா, வராதவர்தானே.”

சண்முகராஜா தாளை மறுபடி அந்தப் பக்கம் தள்ளினார். பணிப்பாளர் அதைத் தொடவில்லை. வழக்கு என்றால் என்னவென்று தெரியுமா, தோட்டத்து வேலைக்கும் பிரச்சினை வரலாம் என்று விளக்கினார். சண்முகராஜா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மகள் அப்பா, அப்பா என்று பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பது தெரிந்தது.

“ஐயா, நீங்க எனக்கு எரக்கம் காட்டாதீங்க,” என்றார். “அந்தப் பிள்ளைக்குக் காட்டுங்க. இத எடுத்துக்குங்க.”

 பணிப்பாளர் தாளை எடுத்து, மேலே திகதி முத்திரை குத்தி வதனியிடம் கொடுத்தார். வதனி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வெளியே போனார்.

பொலிசில் இருந்து ஞாயிற்றுக்கிழமையே ஆள் வந்து சொன்னது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பதுளைப் பொலிஸ் நிலையத்துக்கு வாக்குமூலம் கொடுக்க வரவேண்டும். நேர்முகப் பரீட்சையும் அதே ஒன்பது மணி. அப்பாவும் மகளும் ஒரே பஸ்ஸில் பதுளையில் இறங்கினார்கள். அவர் அவளுடைய சான்றிதழ்க் கோப்பை வாங்கி, பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்று மட்டும் ஒரு தடவை பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். இவர் ஒரு பக்கம் நடந்தார், அவள் ஒரு பக்கம் நடந்தாள்.

நிலையத்தில் அவரை வாங்கில் உட்கார வைத்தார்கள். சார்ஜன்ட் ஏதோ விபத்து பார்க்கப் போயிருந்தார். பதினொரு மணியானது. பன்னிரண்டானது. நேர்முகப் பரீட்சையில் அவளிடம் என்ன கேட்கிறார்களோ, கையெழுத்துக் கதையைக் கிளறுவார்களோ, அவள் உடைந்துபோவாளோ என்று நினைத்துக்கொண்டே இருந்தார். தண்ணீர் கேட்கப் பயமாக இருந்தது. ஒன்றரைக்கு விதுர்ஷா தானாக நிலையத்துக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“கேட்டாங்களா?”

“கேட்டாங்க. அப்பா எங்கன்னு கேட்டாங்க. பொலிஸ்ல இருக்காருன்னு சொன்னேன்.”

“ஏன் புள்ள அப்புடிச் சொன்ன?”

“இங்கதான இருக்கீங்க,” என்றாள். 

மூன்று மாதம் கழித்துப் பட்டியல் வந்தது. விதுர்ஷாவின் பெயர் இருந்தது. நிரோஜாவின் பெயர் இல்லை. அதனால் வாய் விட்டுச் சந்தோஷப்படக்கூட முடியவில்லை. கல்லூரியில் சேரும் நாள் என்று கடிதத்தில் போட்டிருந்த வியாழக்கிழமைக்குச் சண்முகராஜாவின் வழக்கும் வைக்கப்பட்டிருந்தது. அவர் போகாவிட்டால் பிடியாணை வரும். பெட்டியைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, மனைவியையும் மகளையும் அனுப்பிவிட்டு, அவர் எதிர்ப் பக்கத்து பஸ்ஸில் ஏறினார். நீதிமன்றத்தில் மூன்று மணி வரை நின்றார். அவர் வழக்கை எடுக்கவில்லை. வேறு நாளுக்குத் தவணை போட்டார்கள்.

ஏழு மணிக்கு மேட்டில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது.

“என்னப்பா சொன்னாங்க?”

“ஒன்னும் சொல்லல. நீ ரூமுக்குப் போயிட்டியா?”

“போயிட்டேன். மொத்தம் ஆறு பேரு.”

“ஒன் கட்டிலு எங்க இருக்கு?”

“ஜன்னல் பக்கம்பா.”

“சாத்திட்டுப் படு. குளிர் அடிக்கும்.”